நோராவின் கல்லுக்கு ஐம்பது பாயிண்ட்

சன்னிவேல் ஆபீஸில் புது வீடியோ கேமின் டெமோ. என் மேனேஜர் க்ரிஷ் கண்ட்ரோலரைப் பிடித்து விளையாடிக் காட்டினார். திரையில் நான் எட்டு மாதம் முதுகு ஒடிய உருவாக்கிய அயர்லாந்துச் சிற்றூர். இடிந்த கோட்டை, பக்கத்திலேயே எண்ணூறு வருஷத்து மடாலயம், கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கிறது. முற்றம் முழுக்கக் கல்லறைகள். வீரன் சம்மட்டியை ஓங்கி ஒரு கல்லின்மேல் போட்டான். தூள் தூளானது. ஐம்பது பாயிண்ட். எல்லாரும் கைதட்டினார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உடைவதற்கு முன் அந்தக் கல்லில் நோரா என்ற பெயர் பளிச்சென்று தெரிந்தது.

அயர்லாந்தில் நிஜமாகவே இருக்கும் அந்த இடிபாடுகளைப் பார்த்துக்கொள்பவர் டெக்லன் என்ற பெரியவர். நான் கேட்டேன் என்பதற்காக மழையில் நனைந்து முந்நூறு போட்டோ எடுத்து அனுப்பியவர். அந்த ஊர்க்காரர்களை இன்றும் அந்த முற்றத்தில்தான் அடக்கம் செய்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன் அவர் மனைவி நோராவையும் அங்கேதான் வைத்தார்கள். "அந்த ஒரு கல் மட்டும் கேமில் வேண்டாம்" என்று எழுதியிருந்தார். வராது என்று வாக்குக் கொடுத்தேன். அந்தப் படத்தைத் தனியாக ஒதுக்கியும் வைத்தேன். க்ரிஷ் அதைத் தோண்டி எடுத்திருக்கிறார். நம்ம ஊர் ஆள் மேனேஜராக வந்தால் நல்லது என்று நினைத்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

டெமோ முடிந்ததும் அவரை மடக்கினேன்.

"நோராவோட கல்ல எடுக்கணும் க்ரிஷ். இன்னைக்கே."

"அது ஜஸ்ட் ஒரு இமேஜ், ராஜி. அதுதான் ரொம்ப ரியலா இருக்கு. அடுத்த வாரம் ரிலீஸ். எதையும் டச் பண்ண முடியாது."

"உங்க அம்மா போட்டோவ உடைச்சா ஐம்பது பாயிண்ட்னு சொன்னா, இப்படித்தான் கைதட்டுவீங்களா?"

"எமோஷனல் ஆகாத. யாருக்குத் தெரியப் போகுது?"

அந்த வார்த்தையில் எனக்குத் தலைக்கேறியது. தெரியாவிட்டால் சரியாம்! சீட்டுக்குப் போய் டெக்லனுக்கு ஒன்றுவிடாமல் எழுதினேன். டெமோ வீடியோவைச் சேர்த்தேன். கம்பெனி வக்கீலுக்கும் நகல் போட்டேன். அதற்குள் என்னைத் தேடி வந்த க்ரிஷ் திரையைப் படித்தார். முகம் வெளுத்துவிட்டது.

"பைத்தியமா உனக்கு? கம்பெனி வீடியோவ வெளிய அனுப்பினா வேலையே போயிடும். கிரீன் கார்டு வர நாலு மாசம்தான் இருக்கு. வேலை போனா அதுவும் போச்சு. யோசிச்சியா?"

"ஒன்பது வருஷமா அத மட்டும்தான் யோசிச்சேன்" என்றேன். மெயிலை அனுப்பினேன்.