கையைத் திருப்பித் தந்த வில்

1931ஆம் வருஷம் தை மாதம், பாகூரில் இருந்த சாமிக்கண்ணுவுக்குப் பிரான்சிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஊரில் அவரைச் சொல்தா என்றுதான் கூப்பிடுவார்கள். பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம். பெரிய சண்டைக்குப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் போய்வந்த ஆள். கடிதம் எழுதியவள் மார்த் என்ற பெண். "என் பாட்டி எலீஸ் கிறிஸ்துமஸுக்கு முன்னால் காலமானார். அவருடைய ஜெபப் புத்தகத்தில் உங்கள் விலாசம் இருந்தது. உங்கள் கை சரியாக இருக்கிறதா என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்" என்று எழுதியிருந்தாள்.

சாமிக்கண்ணு கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வலது தோளைத் தடவிக்கொண்டார்.

1917இல் வடபிரான்சில் ஒரு குண்டுச் சில்லு அவருடைய வலது தோளைக் கிழித்தது. புண் ஆறிய பிறகும் கை மேலே எழும்பவில்லை. தேறும்வரை ஒரு கிராமத்து வீட்டில் தங்க வைத்தார்கள். அந்த வீட்டில் தனியாக இருந்தவள்தான் எலீஸ். அறுபத்தாறு வயது. தினமும் காலையில் ஒரு மரவில்லை அவரிடம் கொடுத்து, "இழு" என்பாள். முதல் வாரம் நாண் ஒரு விரல்கடை அசைந்தால் அதிகம். வலியில் அவர் அழுதால் அவளும் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள், ஆனால் விடமாட்டாள். மூன்றாம் மாதம் நாண் அவர் தாடைக்கு வந்தது. கிளம்பும் அன்று அந்த வில்லை அவரிடமே கொடுத்து அனுப்பினாள். சுவரில் மாட்டியிருந்த படத்தில் அவள் புருஷன் கையில் ஒரு வில் இருக்கும். அதுதான் இது என்று சாமிக்கண்ணு நினைத்திருந்தார்.

மறுவருஷச் சண்டையில் அந்த வீடு எரிந்துபோனது. பாட்டி கையோடு எடுத்துக்கொண்டு ஓடிய ஜெபப் புத்தகத்தைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை என்று மார்த் எழுதியிருந்தாள்.

மனைவி ரோசம்மாள் கேட்டாள்: "அவுங்க வூட்டுப் பொருள்னு அந்தப் பொண்ணு கையில வேற ஒண்ணுகூட இல்லியா? நம்மகிட்ட அந்த வில்லு இருக்குதே. அனுப்பிடலாமே."

இறக்கிப் பார்த்தபோது சாமிக்கண்ணுவுக்கு வெட்கமாகிவிட்டது. இத்தனை வருஷமும் நாணைக் கழற்றாமலே ஆணியில் தொங்கவிட்டிருந்தார். இப்போது நாணைக் கழற்றியும் நிமிராமல் வில் கூன் விழுந்து கிடந்தது. கீழ்ப்பாதியில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல்.

மறுநாளே கிருமாம்பாக்கம் வண்டி ஆசாரி பச்சையப்பனிடம் எடுத்துப்போனார். ஆசாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னா மரம்பா இது? நான் பாத்ததே இல்லியே."

"அவுங்க ஊரு மரம். கூனை நிமுத்த முடியுமா?"

"முடியும். ஆனா இந்த முதுகுப் பக்கம் உளி படக்கூடாது. மரத்து ரேகை அறுந்துச்சுன்னா இழுக்கறப்ப பொளந்துடும். எவன் செஞ்சானோ, ரேகையை ஒட்டியே எறங்கியிருக்கான் பாரு." பிறகு பிடியைத் தடவினான். "எத்தினி வருசத்துப் பொருளு?"

"முப்பது, நாப்பது இருக்கும். அந்தம்மா வூட்டுக்காரரோடது."

நெல் அவிக்கும் அண்டாவில் ஆவி பிடித்துத்தான் நிமிர்த்த வேண்டும். அதற்காகப் பிடியில் இருந்த தோலை ஆசாரி அவிழ்த்தான். உள்ளே இன்னொரு தோல் இருந்தது. அதற்கும் உள்ளே கறுத்துப்போன ஒன்று.

"மூணு தபா தோல் சுத்தியிருக்குது. நாப்பது வருசமெல்லாம் இல்லப்பா, மேலயே இருக்கும்."

கடைசித் தோலை உரித்ததும் மரத்தில் எழுத்துகள் தெரிந்தன. கத்தி முனையால் கீறியவை. எண்ணெய்த் துணியால் துடைத்து, சாமிக்கண்ணு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இன்னா எழுதியிருக்குது?"

"என் மகள் எலீஸுக்கு. 1869."

ஆசாரிக்குக் கணக்கு வரவில்லை. சாமிக்கண்ணுவுக்கு வந்தது. அன்றைக்கு அவளுக்குப் பதினெட்டு வயது. கல்யாணத்துக்கு முன்னால், அவள் அப்பா தன் கையால் செய்து கொடுத்த வில்.

"இது அந்தம்மாவோடதுதான், ஆசாரி." அவர் அந்த எழுத்துகளை விரலால் தடவினார். "எங்கப்பன் எனக்குச் செஞ்சு குடுத்ததா இருந்தா, நான் யாருக்காச்சும் தூக்கிக் குடுப்பனா?"

"குடுத்திருக்காங்களே அவுங்க" என்றான் ஆசாரி.

ஆவி பிடித்து, பலகையில் வைத்து ஆப்படித்து, எட்டு நாள் நிழலில் விட்டான். முழுக்க நிமிரவில்லை, முக்கால்வாசி நிமிர்ந்தது. விரிசலுக்குள் வச்சிரப் பசை காய்ச்சி விட்டு, மேலே பட்டு நூலை நெருக்கமாகச் சுற்றினான். ஆளிவிதை எண்ணெய் தேய்த்தான். சணப்பு நூலில் புது நாண் முறுக்கினான். பிடித் தோலை மட்டும் ஒட்டாமல், அவிழ்த்துப் பார்க்கிற மாதிரி வாரால் கட்டினான். கூலி என்று பேச்சு எடுத்ததற்கு, "போப்பா" என்றான்.

சாமிக்கண்ணு ஒரே ஒரு முறை, பாதிவரை, இழுத்துப் பார்த்தார். உடனே நாணைக் கழற்றினார்.

வைக்கோல் திணித்த பெட்டியில் வில் புதுச்சேரியிலிருந்து கப்பல் ஏறியது. கூட ஒரு கடிதமும் போனது. பிரெஞ்சில் தப்பும் தவறுமாக அவரே எழுதினார்: "பாதிக்கு மேல் இழுக்க வேண்டாம். பிடியின் தோலை அவிழ்த்துப் பாருங்கள். என் கை நன்றாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை அந்தக் கையால்தான் எழுதுகிறேன்."

ஆடியில் பதில் வந்தது. தோலை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, அன்று முழுவதும் வில்லை மடியிலேயே வைத்திருந்தாளாம் மார்த். அதைச் சீராக்கியவர் பெயர் வேண்டும், பூசையில் அவருக்காக வேண்டிக்கொள்ளப் போகிறேன் என்று கேட்டிருந்தாள்.

சாமிக்கண்ணு கடிதத்தோடு கிருமாம்பாக்கம் போய்ப் படித்துக் காட்டினார். ஆசாரி இழைப்புளியை நிறுத்திவிட்டுக் கேட்டான். கொஞ்சம் யோசித்தான்.

"பச்சையப்பன்னு எழுது. கிருமாம்பாக்கம்னும் சேத்துப் போடுப்பா. வெறும் பேரை மட்டும் சொன்னா அவுங்க சாமிக்கு எந்தப் பச்சையப்பன்னு தெரியுமா?"