மேட்டுச் சாலையின் முதல் கார்

குளிர்காலம் முழுக்கப் பனி மூடிக்கிடக்கும் மேட்டுச் சாலை மே மாதம் திறக்கும் நாளில், பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் முதலில் ஏறுவது ஹாவ்செத் வீட்டுக் கார். குன்வோரின் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். முதலில் ஏறுகிறவர்கள் உச்சியில் காத்திருக்கும் பனி தள்ளும் ஆட்களுக்குச் சூடான பாலாடைக் கஞ்சி கொண்டுபோக வேண்டும். சேர்ந்ததும் மூன்று முறை ஹார்ன் அடிக்க வேண்டும். அறுபத்தெட்டு வயதில் குன்வோர் ஒருமுறையும் இரண்டாவதாக ஏறியதில்லை.

அன்று காலை ஏழு மணிக்கே அவள் கார் சாலையை அடைத்திருந்த கேட்டின் முன் நின்றது. பின்சீட்டில் கம்பளி சுற்றிய கஞ்சிப் பானை. அடுத்து நின்றது ஹல்வோர் ஸ்காரேயின் கார். முப்பது வருஷமாக அவர் இரண்டாவதுதான்.

கேட்டுக்குப் பொறுப்பு குன்வோரின் தம்பி மகள் சிக்னே. அவள் குனிந்து டயரைப் பார்த்தாள். மேலே புதுப்பனி விழுந்திருப்பதால் கோடை டயரோடு யாரையும் விடக்கூடாது என்று உத்தரவாம்.

பனியில் வழுக்காமலிருக்கப் போடும் ஆணி டயரை ஈஸ்டர் கழிந்ததும் கழற்ற வேண்டும் என்பது சட்டம். பனி இருந்தால் வைத்திருக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது, ஊரே வைத்திருந்தது. ஆனால் ஹாவ்செத் வீட்டில் சட்டத்துக்கு விலக்குத் தேடும் வழக்கம் இல்லை. குன்வோர் தேதி தவறாமல் கழற்றி, கழுவி, கொட்டகையில் அடுக்கிவிட்டாள். போய் மாற்றி வர இரண்டு மணி நேரம் ஆகும்.

"உங்கப்பனை இடுப்புல தூக்கி வளர்த்தவடி நான்."

"எனக்குத் தெரியும் அத்தை. டயருக்குத் தெரியாதே."

ஹல்வோர் இறங்கி வந்து, தன் காரில் ஏறிக்கொள்ளச் சொன்னார். ஸ்காரே காரில் பானை வேண்டுமானால் போகும், தான் போகமாட்டேன் என்றாள் குன்வோர். அவர் பிடரியைச் சொறிந்துவிட்டு, சாவியை நீட்டினார்.

"உன்னை யாரு உக்காந்து வரச் சொன்னா? நீ ஓட்டு. பானையை நான் புடிச்சுக்கறேன்."

அந்த முகத்தில் கிண்டல் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. சாவியை வாங்கிக்கொண்டாள்.

காரைவிட உயர்ந்த பனிச்சுவர்களுக்கு நடுவே சாலை ஏறியது. சுவர் முடிந்ததும் மேட்டுவெளி திறந்தது. காற்று பனியை வழித்தெடுத்த இடங்களில் சாம்பல் பாசியும், விரலளவே வளர்ந்த பிர்ச் செடிகளும். தொலைவில் பனிமான்கள் தலை நிமிராமல் மேய்ந்தன. சாலையோரம் நட்டிருந்த அடையாளக் குச்சிகளைக் கண்ணால் பிடித்துக்கொண்டு குன்வோர் சீராக ஓட்டினாள். நெஞ்சு லேசாக இருந்தது.

"பாத்துப் போ. கொட்டினா என் பேன்ட்தான் போகும்."

"இது ஹாவ்செத் கை. கொட்டாது."

அடுத்த வளைவில் மூடி நகர்ந்து, ஒரு கரண்டிக் கஞ்சி அவர் முழங்காலில் விழுந்தது. அவர் அதை விரலால் வழித்து நக்கி, உப்பு சரியாக இருக்கிறது என்றார். குன்வோர் சாலையை மட்டும் பார்த்தாள்.

உச்சியில் பனி தள்ளும் ஆட்கள் இரண்டு பேர் தங்கள் வண்டியிலிருந்து இறங்கினார்கள். ஹார்னுக்குப் போன குன்வோரின் கை நின்றது. இந்த மனிதர் நினைத்திருந்தால் இன்று தனியாகவே முதலில் ஏறியிருக்கலாம். ஒன்றை வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒன்றும் தராமல் ஹாவ்செத் வீட்டில் யாரும் இருந்ததில்லை.

பானையைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள். "நீ அடி, ஹல்வோர்."

அவர் எட்டி அடித்தார். நான்கு முறை கேட்டது.

"மூணுதான் வழக்கம்."

"நாலாவது ஸ்காரே வீட்டுக்கு."

குன்வோர் தலையாட்டிவிட்டுப் பானை மூடியைச் சரிசெய்தாள். முதுகு வளையாமல் இறங்கி, பானையைச் சுமந்துகொண்டு அந்த ஆட்களை நோக்கி நடந்தாள்.