பருப்புக்கு ஒரு குடம்

மும்பை மாநகரத்தின் நீர் வரலாற்றில் பொறிக்கத்தக்க முடிவு ஒன்று, அன்று காலை எட்டே காலுக்கு, தாராவியில் ஒரு சந்துக்குள் எடுக்கப்பட்டது. சந்து நலச் சங்கத்தின் தலைவரும், மூன்று வருடங்களுக்கு முன் அங்கே போர்வெல் கண்ட பெருமகனாருமான செல்லப்பாண்டி, ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் கொண்டுவந்து கிடத்தப்பட்ட தம் மனைவியின் கடைசிக் குளியலுக்கு, நீர்மாலை அந்தப் போர்வெல்லில்தான் எடுக்கப்படும் என்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி அறிவித்தார்.

யாரும் வேறு தண்ணீர் கேட்டிருக்கவில்லை.

"கார்ப்பரேஷன் தண்ணி என் வாசப்படி தாண்டாதுன்னு அன்னைக்கே சொன்னேன். இன்னைக்கும் அதான்."

"சரி அத்தான். மொதல்ல எந்திரிங்க, நாற்காலிக்குப் பின்னாடிதான் குடம் இருக்கு" என்றான் சுடலைக்கண்ணன். இறந்துபோன இசக்கியம்மாளின் தம்பி. விக்ரோலியிலிருந்து கிடைத்த ரயிலில் தொங்கிக்கொண்டு வந்தவன்.

நாலு பேர் வெள்ளை வேட்டியைத் தலைக்கு மேல் விரித்துப் பிடிக்க, சங்கு ஊத, மூன்று குடங்கள் இருபதடி தள்ளியிருந்த போர்வெல் குழாய்க்கு ஊர்வலம் போயின. குழாயின் வாயில் சுண்ணாம்பு அப்பியதுபோல வெள்ளை பூத்திருந்தது. அதற்கு மேலே திறப்பு விழாக் கல்வெட்டு. அதில் செல்லப்பாண்டியின் பெயர் 'குடிநீர்' என்ற சொல்லைவிட இரண்டு மடங்கு பெரிது.

ஒரே மகள் ஷ்ருதி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிந்த பாலாகும். போன வருடம் ஃபில்டர் விற்க வந்த ஒருவன் உப்பு அளக்கும் மீட்டரை முக்கி, ஆயிரத்து அறுநூற்று நாற்பது என்று காட்டி உதட்டைப் பிதுக்கினான். "நம்பர் கூடுனா சத்து கூடுதுன்னு அர்த்தம்லா" என்று அப்பா அந்த எண்ணைச் சங்கத்துப் பலகையில் எழுதிப்போட்டார்.

அவ்வளவு சத்தில் பருப்பு வேகாது என்பது வீட்டில் அம்மாவுக்கும் ஷ்ருதிக்கும் மட்டுமே தெரியும். தினமும் காலையில் அப்பா பேப்பர் வாங்கப் போகும் நேரம், கோடி வீட்டு மர்யம் தன் கார்ப்பரேஷன் குழாயில் பிடித்த ஒரு குடத்தைத் துண்டால் மூடிக் கொண்டுவந்து அடுப்பு மேடைக்குக் கீழே தள்ளிவிட்டுப் போவாள்.

"நம்ம போர்வெல்லு தண்ணில பருப்பு எப்படிப் பூவா வெந்திருக்கு பாத்தியா?" என்பார் அப்பா, சோற்றைப் பிசைந்தபடி.

"ஆமா" என்பாள் அம்மா. அவள் முடி சீப்போடு வந்துகொண்டிருந்தது.

"அந்தக் குடத்துல ரெண்டு சொம்பு ஒன் தலைக்கு ஊத்துனா என்னம்மா?" என்று அப்பா இல்லாத நேரம் பார்த்து ஷ்ருதி கேட்பாள்.

"பருப்புக்குக் காணாதுட்டி."

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்தான் அவள் தனக்கென்று கேட்டாள். "தலையெல்லாம் பிசுபிசுங்கு. மர்யம் வீட்டுத் தண்ணில ஒரு தடவ ஊத்தி விடுதியா?"

"வீட்டுக்கு வந்ததும் ஊத்துறேம்மா."

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

குடங்கள் திரும்பி வந்தன. ஆண்கள் விலகிப் போக, பெண்கள் சுற்றிச் சேலைகளைப் பிடித்தார்கள். மறைப்புக்குள் மர்யம் முன்பே நின்றிருந்தாள். காலடியில் துண்டு மூடிய குடம்.

"எப்பவும் போலப் புடிச்சுட்டேன் புள்ள. புடிச்ச பொறவுதான் அக்கா இல்லைன்னு ஞாவகம் வந்துச்சு."

ஷ்ருதி போர்வெல் தண்ணீரை அம்மாவின் காலுக்கு ஊற்றினாள். அது அப்பாவுக்காக. பிறகு மர்யத்தின் குடத்தைச் சாய்த்துத் தலையை நனைத்து, ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழித்தாள். கை வைத்ததும் நுரை பொங்கியது. மர்யம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெளியே யாரோ நேரமாகிறது என்றார்கள். ஷ்ருதி ஒவ்வொரு இழையாகச் சிக்கெடுத்தாள். குடத்தில் ஒரு சொம்புகூட மிச்சம் வைக்கவில்லை.

நுரை சேலைக்கு அடியில் நழுவிச் சாக்கடைப் பக்கம் போனது.

"பாத்தியா மாப்ள" என்று அப்பாவின் குரல் கேட்டது. "நம்ம தண்ணி. எப்படி நுரைக்கு பாரு."



மூன்று நாள் உறவுக்காரர்கள் சோறு கொண்டுவந்தார்கள். நான்காம் நாள் காலையில் அப்பா, பேப்பர் வாங்கப் போகாமல், தானே பருப்பைக் களைந்து குக்கரில் போட்டார். போர்வெல் டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு, அம்மா வைப்பதுபோல விரலை விட்டு அளந்தார். அப்போது மர்யம் வாசலில் வந்து நின்றாள்.

"என்ன மர்யம், குடத்தோட?"

மர்யம் ஷ்ருதியைப் பார்த்தாள். ஷ்ருதி வாயைத் திறந்தாள். அப்பா சவரம் செய்யாத முகத்தோடு, அம்மாவின் கரித்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன் அண்ணாச்சி" என்றாள் மர்யம். குடம் திரும்பிப் போனது.

எட்டு விசில். ஒவ்வொன்றையும் அப்பா வாய்விட்டு எண்ணினார். ஆவி அடங்கியதும் மூடியைத் திறந்து, ஒரு பருப்பை எடுத்து விரலிடையில் நசுக்கினார். இன்னொன்றை எடுத்தார்.

"நம்ம தண்ணிதான?" என்று கேட்டார், திரும்பாமல்.

"ஆமாப்பா" என்றாள் ஷ்ருதி.

பருப்பு வேகவில்லை.