கண்ணில் விட்ட பால்

ஆஸ்பத்திரிக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஷிஜி பாலைப் பீய்ச்சி வாஷ்பேசினில் விட்டாள். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு மாமியாருக்குத் துணையாக வந்திருக்கிறாள். மார்பு கனத்து வலித்தது. போன வாரம் வரை பால் ஊறினாலே சந்தோஷம். இப்போது அதன் வெள்ளையைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மாமியார் கிரேசி குளச்சலில் மீன் விற்கிறவள். இலவச முகாமில் புரை எடுத்த கண் சிவந்து எரிந்தபோது, "உன் பாலு ரெண்டு சொட்டு விடு மக்கா" என்று கேட்டதே அவள்தான். ஊரில் யாருக்குக் கண் சிவந்தாலும் செய்கிற வைத்தியம். ஷிஜியும் விட்டாள். மறுநாள் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. உள்ளே பூஞ்சை பிடித்துவிட்டது என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர். "கண்ணுல என்ன விட்டீங்க?" ஷிஜி வாய் திறக்குமுன் அவள் புருஷன் ஜெரிஷ் சொல்லிவிட்டான். "அப்புறம் எங்களைக் கேட்டா?" என்று டாக்டர் கைகழுவிவிட்டார். அன்றிலிருந்து ஜெரிஷ் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. நாளைக் காலையில் இந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் அந்தக் கண்ணை எடுக்கப்போகிறார்கள். அப்படியே விட்டுவைத்தால் மூளைக்கு ஏறிவிடுமாம். மற்றக் கண்ணில் ஏற்கெனவே நிழல்தான் தெரிகிறது.

வார்டுக்குத் திரும்பியபோது அடுத்த கட்டிலுக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். திற்பரப்புத் தாணுலிங்கம், ரப்பர் வெட்டுகிறவர். அவருக்கும் ஒரு கண்ணில் கட்டு. அதே முகாம், அதே நாள்.

"நீங்களும் பாலு விட்டியளா?" ஷிஜி அவர் கட்டிலருகே போய்க் கேட்டாள்.

"என்ன பாலு? முகாமுல அவ்வொ தந்த மருந்தத் தவிர ஒண்ணும் விடல்ல பிள்ளே. எங்கூட வந்தவருக்கும் இதே கதிதான்."

ஷிஜிக்குப் போன உயிர் வந்தது. அடுத்தவர் கண் போனதில் குளிர்கிறதே இந்த மனசு என்று உடனே தன்மேலேயே அருவருப்பும் வந்தது. வெளியே ஓடி வராந்தாவில் இருந்த ஜெரிஷிடம் சொன்னாள். அவன் தரையைப் பார்த்தபடி, "இனி ஆராலண்ணு தெரிஞ்சு என்னத்துக்கு? கண்ணு திரும்ப வருமா?" என்றான்.

திரும்பிவந்து கட்டிலருகே குனிந்தாள். "மாமி, பாலுனால இல்ல."

"பாலுனாலண்ணு நான் எப்பம்ட்டி சொன்னேன்? அது விட்டப்பம் மட்டுந்தான் செத்த நேரம் குளுந்துச்சு." கிரேசி கட்டுப்போட்ட முகத்தை மேலே தூக்கிக் காட்டினாள். "வலி தாங்கல்ல மக்கா. இன்னும் ஒரு சொட்டு விடு."

"விடப்பிடாது மாமி."

"போகப்போற கண்ணுதான?"

ஷிஜி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று விரல் நுனியை நனைத்துக்கொண்டாள். கட்டைப் பிரிக்கக் கை வரவில்லை. பஞ்சின்மேலேயே ஒரு சொட்டு விட்டாள். அது உள்ளே இறங்காமல் பஞ்சிலேயே ஊறிப் பரவியது.

"இப்பம் கொள்ளாம், குளுந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, அடுத்த சொட்டுக்காகக் கிரேசி முகத்தை அப்படியே தூக்கி வைத்திருந்தாள்.