நாலு விரல் ஆழம்

கடைக்காரர் மூன்று சாமான்களை எடுத்து மேஜைமேல் பரப்பினார். முதலாவது, பூந்தொட்டிக்கு மண் அள்ளுகிற சாதாரண மண் கரண்டி. இறுகின தரையில் நாலு குத்து குத்தினால் கழுத்து வளைந்துவிடும். இரண்டாவது ஒரே தகட்டில் அடித்தது, ஒடுக்கமானது, விளிம்பு மழுங்கியது. மூன்றாவது முழங்கை நீளம் இருந்தது. கத்தி மாதிரி நுனி, இரண்டு பக்கமும் ரம்பப் பல், இடுப்பில் மாட்டிக்கொள்ள ஓர் உறை வேறு.

"புல்தரையில தோண்டணும்னா ரெண்டாவதை எடுத்துக்குங்க சார். பல்லு வெச்சது வேர் மண்டின நிலத்துக்கு. அதுக்கு வேரும் ஒண்ணுதான், மத்ததும் ஒண்ணுதான்" என்றார் கடைக்காரர்.

மெக்கானிக்குக்குக் கோபம் வந்துவிட்டது. இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனிதர். ஸ்பானர் பிடித்துக் காய்த்துப்போன கைக்கு, ஸ்பானர் விற்கிறவன் பாடம் எடுப்பதா? பல் வைத்ததையே வாங்கி, கடை வாசலிலேயே இடுப்பில் மாட்டிக்கொண்டார். வீட்டில் மனைவி அதை மேலும் கீழும் பார்த்து, மரம் வெட்டி விறகு விற்கப் போகிறீர்களா என்று கேட்டாள்.

அவள் கேலிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மெட்டல் டிடெக்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மைதானம் மைதானமாக அலைந்தவர், இதுவரை கண்டெடுத்தது துருப்பிடித்த ஆணிகள், ஒரு சைக்கிள் சாவி, மிச்சமெல்லாம் சோடா பாட்டில் மூடிகள். குடியிருப்பில் அவருக்கு 'மூடி மன்னன்' என்று பட்டமே கட்டிவிட்டார்கள். எல்லோரோடும் சேர்ந்து அவரும் சிரிப்பார். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு எரியும்.

அந்த நேரத்தில்தான் மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி. நாற்பதைத் தாண்டியவன், நாலைந்து வீடுகளில் தோட்ட வேலை பார்க்கிறவன். அவன் வேலை செய்யும் டீச்சர் வீட்டில் மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மோதிரம் தொலைந்திருந்தது. டீச்சரின் அம்மா போட்டுத் தேய்ந்த மோதிரம். புல்தரையில் இருந்த ஒரு பள்ளத்தில் டீச்சர் தன் கையாலேயே மண் நிரப்பி, மேலே புல்லைப் பதித்தபோது விரலிலிருந்து நழுவியிருக்க வேண்டும். எங்க அத்தான்கிட்ட மெஷின் இருக்கு, பத்தே நிமிஷத்துல எடுத்துக் குடுத்துடுவார் என்று இவன் மார்தட்டிவிட்டு வந்திருந்தான்.

சனிக்கிழமை காலை போனார்கள். டீச்சரும் அவர் அக்காவும் படியில் நின்றார்கள். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மாவின் தலை தெரிந்தது. மைத்துனன் ஒரு வாளியோடு, கல்யாண வீட்டுக்காரன் மாதிரி நிலைகொள்ளாமல் நின்றான். மெக்கானிக் மெஷினை வீசி நடந்தார். மூன்றாவது வீச்சிலேயே அது பாடியது. மூடிக்கு வருகிற கரகரப்பு இல்லை, சுத்தமான மணிச் சத்தம். குறுக்கே வீசிப் பார்த்தார். அதே இடம், அதே சத்தம்.

இனி என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சத்தம் வந்த புள்ளியிலிருந்து ஒரு சாண் தள்ளி, மூன்று பக்கம் மட்டும் புல்லை வெட்டி, கதவைத் திறப்பது போல மடக்கிப் போட வேண்டும். பிறகு பக்கவாட்டிலிருந்து நெம்பி, மண்ணைக் கையால் உதிர்க்க வேண்டும். ஆனால் நாலு பேர் பார்க்கிறார்களே! ஒரே குத்தில் எடுத்துக் காட்டினால் மூடி மன்னன் என்று இனி எவன் சொல்வான்? உறையிலிருந்து ரம்பக் கரண்டியை உருவினார். ஒரு சாணை நாலு விரலாகச் சுருக்கி, ஓங்கி இறக்கி, ஓர் இழுப்பு இழுத்தார்.

பிடி வழியாகக் கைக்கு வந்துவிட்டது சேதி. கல்லில் பட்டால் அதிரும். வேரில் பட்டால் இழுக்கும். இது மெத்தென்று அறுபட்டது.

மண்கட்டியைப் பெயர்த்து உடைத்தார். மோதிரம் வந்தது. வளையத்தின் முக்கால் தடிமனுக்கு வெட்டு, வெட்டின இடத்தில் பளபளவென்று புது மஞ்சள். டீச்சர் ஓடிவந்து கை நீட்டினார். வாங்கிப் பார்த்தவர் முகம் சுருங்குவதற்குள் மெக்கானிக்கின் வாய் திறந்துகொண்டது.

"புல்லு வெட்டுற மெஷின் பட்டிருக்கு போல."

யோசித்துச் சொன்னதில்லை. யோசித்திருந்தால் இன்னும் கொஞ்சம் நல்ல பொய்யாகச் சொல்லியிருப்பார். டீச்சர் தோட்டக்காரனைத் திரும்பிப் பார்த்தார். மைத்துனன் அத்தானைப் பார்த்தான், குழியைப் பார்த்தான், பிறகு வாளியைக் கீழே வைத்தான்.

"என் தப்புதான் டீச்சர். பாத்து ஓட்டியிருக்கணும். மன்னிச்சுடுங்க."

திரும்பும் வழியில் மைத்துனன் வெயில் ஏறிவிட்டது என்றான், அக்காவுக்கு முட்டிவலி எப்படி என்று கேட்டான்.

வீட்டுக் குழாயடியில் கரண்டியைக் கழுவும்போது ஒரு பல்லின் இடுக்கில் தலைமுடி கனத்துக்குத் தங்கம் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்தபோதுதான் மெக்கானிக்குக்குப் பொறிதட்டியது. மோதிரம் கிடந்தது மண்ணுக்குள், நாலு விரல் ஆழத்தில். புல் வெட்டும் மெஷின் புல்லின் தலையைச் சீவுகிற சாமான். அது எப்படிப் பூமிக்குள் புகுந்து மோதிரத்தை வெட்டும்? கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே என்பார்கள். பக்கத்தில் நின்று பார்த்த மூன்று பேரும் மதி உள்ளவர்கள்தானே? இல்லை, பதற்றத்தில் கவனித்திருக்க மாட்டார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் ஓட்டினார். ஒரு லிஃப்டில் கதவைக் கழற்றி மாட்டிவிட்டு, இரண்டு திருகாணிகளைப் பையிலேயே மறந்து வைத்துக்கொண்டு வந்தார்.

நாலாம் நாள் சாப்பாடு வைத்துக்கொண்டே மனைவி சொன்னாள். பல் டாக்டரம்மா தம்பியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டாராம். அஜாக்கிரதையாக மெஷின் ஓட்டுகிறவர் எங்கள் தோட்டத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குழி எங்கே தெரிந்திருக்கும்? காதில் விழுந்ததுதான் அந்த அம்மாளுக்குத் தெரியும்.

"அவனைப் போன்ல நல்லா திட்டிட்டேன்" என்றாள். "அவ்வளவு பேர் முன்னாடி உங்களைத் தலைகுனிய வெச்சுட்டானே. நீங்க பெரிய மனசு பண்ணி வெளியில காட்டிக்கலை. அவனுக்காக நான் உங்ககிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன்."

எப்போதும் கேலி பேசுகிற வாய் அது. கேலியாகவே சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் டீச்சர் வீட்டு மணியை அடித்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மோதிரத்தை வெட்டியது என் கரண்டி, பழியைத் தூக்கி அவன்மேல் போட்டுவிட்டேன், நகைப் பத்தரிடம் கொடுத்து நானே சரிசெய்து தருகிறேன் என்று, மனப்பாடம் செய்து வந்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்தார்.

"தெரியும்" என்றார் டீச்சர். "பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தோம்."

அப்போதே ஏன் கேட்கவில்லை என்று மெக்கானிக் கேட்டார். யாராவது அன்றைக்கே திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

"நான் கேக்கத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள அவர் தப்பைத் தன்மேல போட்டுக்கிட்டார். அப்புறம் வேலைக்கு வந்தப்போ ஏன் இப்படின்னு கேட்டேன். 'எங்க அக்கா வீட்டுக்காரர் டீச்சர், விட்டுடுங்க'ன்னு சொல்லிட்டார்."

மெக்கானிக்குக்குக் காது இரண்டும் கொதித்தன. ஏமாற்றிவிட்டோம் என்று நினைத்துக் கூசியதெல்லாம் ஒன்றுமே இல்லை. யாரும் ஏமாறவில்லை. இத்தனை பேர் தெரிந்தே தன்னைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தபோதுதான் உடம்பெல்லாம் எரிந்தது.

அங்கிருந்து நேரே பக்கத்து வீட்டுக்குப் போனார். பல் டாக்டரம்மா கேட்டைப் பாதி மட்டும் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பாதியிலேயே நின்று இவர் முழுவதையும் சொன்னார். தெருவில் போன இரண்டு பேர் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். டாக்டரம்மா இவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். அவரைத் திங்கட்கிழமை வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுக் கேட்டைச் சாத்தினார்.

அன்று வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்தார். மனைவி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னார். கடைக்காரர் சொன்னதிலிருந்து ஆரம்பித்து, ஒன்றையும் விடாமல் சொன்னார். அவள் கையில் ஈரத்துணியைப் பிடித்தபடியே கேட்டாள்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் நான் திட்டினதையெல்லாம் வாங்கிக்கிட்டானா?"

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அவள் துணியை வாளியில் போட்டாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் போனை எடுத்தாள். அந்தப் பக்கம் தம்பி எடுத்தான்.

"என்னை மன்னிச்சுடுடா" என்றாள். பிறகு குரல் இன்னும் தாழ்ந்தது. "அவருக்காகவும் நான்தான் கேக்கறேன்."

மெக்கானிக் பக்கத்தில் போய்க் கையை நீட்டினார்.

"குடு, நானே கேக்கறேன்."

அவள் கொடுக்கவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.