கால் மடங்கும் காரணம்

மகளின் கால் ஏன் துள்ளுகிறது என்று அம்மாவின் முன்னால் அந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. விபத்தில் தண்டுவடம் அறுந்ததிலிருந்து மகளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆனாலும் அம்மா உள்ளங்காலை வருடினால் கால் வெடுக்கென்று மடங்கும். அந்தத் தெம்பில் அம்மா சக்கர நாற்காலியைப் பரணில் ஏற்றிவிட்டாள். மகள் வேலை பார்த்த தையற்கடைக்காரரோ, துணி வெட்டும் மேசையைச் சக்கர நாற்காலி உயரத்துக்குத் தாழ்த்திவைத்து அவளுக்காகக் காத்திருந்தார்.

அன்றும் கால் மடங்கியது.

"பாத்தியாடி! சீக்கிரமே ஓடப்போறே!"

அப்பா சுவரைப் பார்த்தார்.

"அம்மா, அதை நான் மடக்கலை," என்றாள் மகள். "நீ தொடுறது தண்டுவடம் வரைக்கும் போய், அங்கிருந்தே திரும்பிடுது. மூளைக்கு வர்றதே இல்லை. என் காலுக்கு என்னைவிட நீதான் செல்லம்."

அம்மாவின் கை நின்றது.

"கை ரெண்டும் என் பேச்சைக் கேக்குது, அது போதும். அப்பா, நாற்காலியை இறக்குங்க. நாளைக்குக் கடைக்குப் போறேன்."