பாதி அரோகரா

1

இந்தக் கதை ஒரே ஒரு வரியிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயற்பியல் படித்த காலத்தில் எங்கோ கண்ணில் பட்ட வரி: மனிதக் குரலுக்குப் பனிமலையைச் சரிக்கும் வலு கிடையாது.

நான் திருத்தணிக்காரி. கனகம்மாசத்திரம் தாண்டி மலை தெரிந்ததும் பஸ்ஸில் யாராவது "கந்தனுக்கு" என்பார். மற்றவர்கள் "அரோகரா" என்பார்கள். நான் உதட்டை மட்டும் அசைப்பேன், சத்தம் வராது.

எங்களில் ஒருவர் பனிமலைக்கு அடியில் போய் நின்றிருந்தால்?

2

முதலில் எழுதிய தொடக்கம்: "1944 பிப்ரவரியில், ஆல்ப்ஸ் மலையின் அந்தப் பள்ளத்தாக்கு வெண்பட்டு விரித்ததுபோல

(நிறுத்திவிட்டேன். நான் பார்த்த பனி ஆய்வகத்துக் குளிர்பெட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அது பட்டுமாதிரி இல்லை.)

அம்சாவிலிருந்து தொடங்குகிறேன். அவளை எனக்குத் தெரியும்.

பட்டாளத்துக்குப் போன கணவன் கஜபதியிடமிருந்து வெகுநாள் தகவல் இல்லை. உயிரோடு வந்தால் ஆடிக் கிருத்திகைக்கு இருவரும் பூக்காவடி எடுப்பதாக அம்சா வேண்டிக்கொண்டாள். வந்துவிட்டார். வந்த வருஷம் முட்டி வலி என்று தட்டிக்கழித்தார். இப்போது 1946. திருத்தணி மலையடிக் குளக்கரையில் இரண்டு காவடியும் தயார். கஜபதி எழுந்திருக்கவில்லை.

"இன்னா பாவா, இன்னிக்கும் முட்டி வலியா?"

"ஆங்."

"நேத்து கரும்புக் கட்டு தூக்கிகினு வந்த முட்டிதான அது?"

கஜபதிக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் படிக்கட்டிலிருந்து கூட்டத்தின் "அரோகரா" இறங்கி வந்தது. அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

அம்சா பக்கத்தில் உட்கார்ந்தாள். "சொல்லு," என்றாள்.

3

சொன்னார். பாலைவனச் சண்டையில் பிடிபட்டது, இத்தாலியில் கைதிகள் முகாம், ஒருநாள் காவல்காரர்களே ஓடிப்போனது, பொதட்டூர்பேட்டை நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை துளசிங்கத்தோடு மலை தாண்டி சுவிட்சர்லாந்துக்கு நடந்தது. பணக்காரர்கள் பனியில் சறுக்கி விளையாட வரும் ஊர் ஒன்றில் தங்க வைத்தார்களாம். சண்டைக்காலம், விடுதியெல்லாம் காலி.

"கால்ல பலகை கட்டிகினு மேலேர்ந்து வழுக்கிகினே வருவாங்க."

"வந்து?"

"மறுபடியும் மேல ஏறுவாங்க."

"பாவம்," என்றாள் அம்சா.

சரிவுக்குக் கீழே நடக்கும்போதெல்லாம் விடுதிச் சமையல்காரி உதட்டில் விரல் வைத்துக் காட்டுவாள்: சத்தம் கூடாது, பனி சரியும். ஒருநாள் மேகம் விலகி மலையுச்சி தெரிந்தது. பிறந்த ஊர்ப் பழக்கம். கஜபதியின் வாய் தானாகத் திறந்து "கந்தனுக்கு" என்றது. பின்னால் வந்த துளசிங்கம் "அரோ

(இந்த வாக்கியத்தை முடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. இப்படியே இருக்கட்டும்.)

துளசிங்கத்தோடு கீழேயிருந்த வீடுகளும் பனிக்கடியில் புதைந்தன. ஊரே நீளக் கழிகளால் பனியைக் குத்திக் குத்தித் தேடியது. எடுத்துக் கிடத்தப்பட்டவர்களில் சமையல்காரியின் மகளும் இருந்தாள். அன்று சாயங்காலம் அந்தச் சமையல்காரி, விறைத்துப்போன கஜபதியின் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துவிட்டாள். அவர் "கந்தனுக்கு" என்று கூப்பிட்டது அவளுக்குத் தெரியாது.

"அவ கை சூடா இருந்திச்சி அம்சா. அதான் தாங்கல."

4

அடிக்குறிப்பாக வரவேண்டியது, பொறுக்காமல் மேலே வந்துவிட்டது: முந்தின ராத்திரி கொட்டிய புதுப்பனி, அடியில் பிடிப்பில்லாத ஓர் அடுக்கு, நடுப்பகல் வெயில். இவ்வளவும் சேர்ந்தால் ஊமையான மலையும் சரியும். கஜபதி காரணமில்லை.

இதை அவரிடம் யார் சொல்வது? ரயிலில் ஒரு பேராசிரியரை வரவழைத்து எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். நானே குளக்கரைக்குப் போய் உட்காரலாமா என்று பார்த்தேன். [கூச்சம்.] அதையும் அடித்துவிட்டேன். அம்சா தன்னிடம் இருப்பதைக் கொண்டுதான் பேச வேண்டும்.

"துளசிங்கண்ணன் பாதிதான சொன்னாரு?"

"ஆங்."

"மீதிய யாரு சொல்றது? பாவம், இன்னும் வாயத் தொறந்துகினே நிக்கிறாரு."

கஜபதி குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல போயி நீ கூப்டு பாவா. அவருக்கோசரம் மீதிய நான் சொல்றேன். நம்ம மலைல பனியா கீது? வுழுந்தா பூ வுழும்."

கஜபதி எழுந்து காவடியைத் தோளில் வைத்தார்.

5

முதல் முடிவு: உச்சியில் அவர் வாய்விட்டுக் கூவி அழுகிறார், எல்லாம் சரியாகிறது. எழுதினேன். அவ்வளவு சுலபமாக ஆறுகிற மனுஷர் இல்லை அவர்.

இரண்டாவது: பாதிப் படியில் திரும்பிவிடுகிறார். அம்சா இரண்டு காவடியையும் தூக்கிக்கொண்டு ஏறுகிறாள். செய்யக்கூடியவள்தான். எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவதில் கடைசிப் படிவரை கொண்டுவந்துவிட்டேன். காவடி மல்லிகை உதிர்ந்து கஜபதியின் தோளில் வெள்ளையாகக் கிடக்கிறது. அவர் நின்றுவிடுகிறார். அம்சா அந்தப் பூவை வாயால் ஊதிவிடுகிறாள். சுற்றிலும் இத்தனை கூட்டம். அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

"கந்தனுக்கு," என்கிறார், மெல்ல.

மீதியைச் சொல்கிறேன் என்றவள் அம்சா. பஸ்ஸில் எனக்கு ஆவதுபோல அவளுக்கும் உதடு மட்டும் அசைகிறது. அவளாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

நீங்கள் எங்கே இருந்து படிக்கிறீர்களோ. பக்கத்தில் ஆள் இருந்தாலும் பரவாயில்லை, மீதியைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். அவர் காதைப் பொத்தாமல் நிற்கிறார்.